கிரேக்கக் காதல் கதைகளை வகுப்பில் நடத்துவது எப்படி: எட்டு பீரியடுக்கான முழுமையான வழிகாட்டி

முதல் முறை இந்தக் கதைகளை வகுப்பில் எடுத்தபோது, கரும்பலகையில் 'அப்போலோ – டாஃப்னி' என்று எழுதி, அதன் கீழே 'புகழ்பெற்ற காதல் கதை' என்றும் எழுதினேன். கதை முடிந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கை தூக்கினாள். "மிஸ், அந்தப் பொண்ணு வேண்டாம்னு ஓடிக்கிட்டே இருக்கா. கடைசியில மரமாவே ஆயிடுறா. இதுல காதல் எங்க இருக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று மாலை உட்கார்ந்து அந்தக் கவிதையை வரி வரியாகப் படித்தேன். அவள் கேட்ட கேள்வி அந்த வரிகளுக்குள்ளேயே இருந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் எழுதிய கவிஞர் அதை விட்டுவிடவில்லை. அவசரமாகக் கதைச்சுருக்கம் சொன்ன நான்தான் விட்டுவிட்டேன்.

இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு கதையிலும் மூன்று விஷயங்களைக் கேட்கப் பழக்குகிறோம். யார் விரும்புகிறார்? யார் பேசுகிறார்? யாருடைய பதிலை யாரும் கேட்கவில்லை? ஒன்பதாம் வகுப்பு முதல் கல்லூரி முதலாண்டு வரை, 45 நிமிட பீரியட் எட்டு கிடைத்தால் இதை நடத்திவிடலாம்.

படி 1: கதை யார் சொன்னது என்று முதலில் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

'கிரேக்கக் காதல் கதைகள்' என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி ரோமானியர்கள் லத்தீனில் எழுதிய வடிவத்தில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. முக்கியமானவர் ஓவிட். அவருடைய 'மெட்டமார்ஃபசிஸ்', அதாவது 'உருமாற்றங்கள்', 15 பாகங்களும் ஏறத்தாழ 12,000 வரிகளும் கொண்ட கவிதை. கி.பி. 8-ஐ ஒட்டி முடிந்தது. அதே ஆண்டில் பேரரசர் அகஸ்டஸ் ஓவிடைக் கருங்கடல் கரையிலிருந்த தோமிஸ் என்ற ஊருக்கு நாடு கடத்தினார். இன்று ருமேனியாவில் கான்ஸ்டன்டா என்று அழைக்கப்படும் ஊர் அது. சைக்கி–கியூபிட் கதையை எழுதிய அப்புலியஸ் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். ஹோமரும் பிளேட்டோவும் யூரிப்பிடிஸும் கிரேக்க மொழியில் எழுதியவர்கள்.

இதை மாணவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒரே கதையை வேறு வேறு ஆட்கள், வேறு வேறு மொழியில், வேறு வேறு காரணத்துக்காகச் சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் 'இவர் ஏன் இப்படிச் சொல்கிறார்' என்று கேட்கத் தோன்றும். 'உண்மையான கதை எது மிஸ்?' என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் ஊர்க் கோயில்களின் தலபுராணங்களை நினைவுபடுத்தினால் போதும், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

பெயர்களுக்கு ஒரு சின்ன அட்டவணை ஒட்டிவையுங்கள். முதலில் கிரேக்கப் பெயர், பக்கத்தில் அதே தெய்வத்தின் லத்தீன் பெயர்: ஜியஸ்–ஜூபிடர், ஹெர்மீஸ்–மெர்குரி, ஆஃப்ரோடைட்டி–வீனஸ், ஈரோஸ்–கியூபிட், பெர்செஃபனி–பிராசர்பினா. தமிழில் எப்படி எழுதுவது என்று ஒரு எழுத்துக்கூட்டலை முடிவு செய்து கடைசி வரை அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பதற்கு, அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் பெர்சியஸ் இணைய நூலகத்தில் லத்தீன், கிரேக்க மூலங்களும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் இலவசமாக இருக்கின்றன. ஆனால் ஒரே மொழிபெயர்ப்பை நம்ப வேண்டாம். பலவந்தம் என்று மூலத்தில் இருக்கும் இடத்தில் 'ஆட்கொண்டான்', 'இன்புற்றான்' என்கிற மாதிரி மழுப்பலாக எழுதிவிட்டுப் போகும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் நிறைய உண்டு. 2022-இல் வந்த ஸ்டெஃபனி மெக்கார்ட்டரின் மொழிபெயர்ப்பு அந்த இடங்களை நேராகவே சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் நம் கண்ணே திறக்கும்.

படி 2: குறைவாகத் தேர்ந்தெடுங்கள்

ஐந்து கதை போதும். இருபது கதையின் சுருக்கத்தைச் சொல்வதைவிட ஐந்து கதையை வரியோடு படிப்பது நல்லது. என் வரிசை இது: பாசிஸ்–ஃபிலமோன், ஆர்ஃபியூஸ்–யூரிடிசி, அப்போலோ–டாஃப்னி, எக்கோ–நார்சிசஸ், கடைசியாகப் பெனலோப்பி–ஒடிசியஸ். நடுவில் ஒரு பீரியட் பீரமஸ்–திஸ்பிக்கு.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை என்றால் பாசிஸ் கதையும் சைக்கி கதையும் மட்டும் போதும். கலந்து கொட்டிய தானியக் குவியலை எறும்புகள் வந்து சைக்கிக்காகப் பிரித்துக் கொடுக்கும் காட்சி அந்த வயதுக்கு மிகவும் பிடிக்கும். பிக்மேலியன், அதாவது தான் செதுக்கிய சிலையையே காதலித்த சிற்பியின் கதையைக் கல்லூரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெர்செஃபனியைப் பாதாள அரசன் தூக்கிச் செல்லும் கதையை எடுத்தால், மகளைத் தேடி அலையும் தாய் டிமீட்டர் பக்கமிருந்து சொல்லுங்கள். ஹோமர் பெயரில் வழங்கும் பழைய டிமீட்டர் துதிப்பாடல் அப்படித்தான் சொல்கிறது.

அப்போலோ–ஹயசிந்தஸ் கதையைக் கல்லூரியில் எடுத்தால், இருவரையும் 'நண்பர்கள்' என்று மாற்ற வேண்டாம். ஓவிட் அதைக் காதல் என்றுதான் எழுதினார். வகுப்பில் தன்னைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அந்த மாற்றத்தைக் கவனித்துவிடும்.

படி 3: கதைக்கு முன்பு செய்ய வேண்டிய ஏற்பாடு

இந்தக் கதைகளில் துரத்தல், பலவந்தம், தற்கொலை மூன்றும் வருகின்றன. எந்தக் கதையில் எது வரும் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். யாராவது வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வர விரும்பினால் காரணம் கேட்காமல் அனுப்புங்கள். துரத்தும் காட்சியை நடித்துக் காட்டச் சொல்லவே கூடாது. 'உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?' என்றும் கேட்கக் கூடாது. பேச்சு கதாபாத்திரங்களைப் பற்றியே இருக்கட்டும்.

அப்படியும் ஒரு மாணவரோ மாணவியோ வகுப்பு முடிந்து வந்து தனக்கு நடந்ததைச் சொல்லக்கூடும். முழுவதும் கேளுங்கள். குறுக்கே விசாரிக்க வேண்டாம். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே வேண்டாம், ஏனென்றால் அதை உங்களால் காப்பாற்ற முடியாது. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்டவருக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காமல் இருப்பது 21-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. குழந்தைகள் உதவி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929. இவற்றை வகுப்புச் சுவரில் எப்போதும் ஒட்டிவைத்திருங்கள். டாஃப்னி பாடத்தன்று மட்டும் ஒட்டினால் அது வேறு அர்த்தம் தரும்.

படி 4: முதல் பீரியட், இரண்டு கிழவர்கள்

காதல் கதை என்றதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதை நல்லபடியாகத் திருப்ப, வயதான தம்பதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஃபிரிஜியா என்ற மலைநாடு, இன்றைய துருக்கியில் இருக்கிறது. ஜூபிடரும் மெர்குரியும் வழிப்போக்கர் வேடத்தில் ஆயிரம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். ஆயிரமும் சாத்தியே இருக்கின்றன. ஒரு கூரைவீடு மட்டும் திறக்கிறது. அங்கே பாசிஸும் ஃபிலமோனும். இளம் வயதில் அந்த வீட்டில்தான் கல்யாணம் முடித்தார்கள், அங்கேயே கிழமாகியும் விட்டார்கள். அந்த வீட்டில் எஜமானர் யார், வேலைக்காரர் யார் என்று கேட்டுப் பயனில்லை என்கிறார் ஓவிட். வீட்டில் மொத்தமே இரண்டு பேர், உத்தரவு போடுவதும் அவர்கள்தான், கேட்டு நடப்பதும் அவர்கள்தான்.

இந்த வரியைப் பலகையில் எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள்.

அப்புறம் விருந்து. மூன்று கால் மேஜையில் ஒரு கால் குட்டை. பாசிஸ் ஓட்டுச்சில் ஒன்றை அதன் அடியில் வைத்துச் சமப்படுத்தி, புதினாவால் மேஜையைத் துடைக்கிறாள். ஆலிவ், முள்ளங்கி, சாம்பலில் சுட்ட முட்டை, அத்தி, தேன்கூடு. குடிக்கக் குடிக்கக் குறையாத மதுக்கிண்ணத்தைக் கண்டு பயந்துபோய், இருக்கும் ஒரே வாத்தையும் அடிக்கப் பார்க்கிறார்கள். அது ஓடிப்போய்த் தெய்வங்களின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. வகுப்பில் சிரிப்பு வரும் இடம் இது.

என்ன வரம் வேண்டும் என்று ஜூபிடர் கேட்கிறார். இங்கே நிறுத்துங்கள். ஃபிலமோன் உடனே பதில் சொல்வதில்லை. பாசிஸோடு சில வார்த்தை பேசிவிட்டு, இருவரும் சேர்ந்து முடிவு செய்ததைத்தான் சொல்கிறார்: ஒருவர் கல்லறையை மற்றவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் சாக வேண்டும். பின்னாளில் இருவர் மேலும் ஒரே நேரத்தில் இலை துளிர்க்கிறது. ஒருவருக்கொருவர் விடைசொல்லிக்கொண்டே ஒருவர் ஓக் மரமாகவும் மற்றவர் லிண்டன் மரமாகவும் ஆகிறார்கள்.

'பேசிவிட்டுச் சொன்னார்' என்ற அந்த ஒரு வரியை மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். டாஃப்னி மரமாகும் நாளில் இந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டச் சொல்லப்போகிறீர்கள்.

படி 5: இரண்டு, மூன்றாம் பீரியட், ஆர்ஃபியூஸ் ஏன் திரும்பிப் பார்த்தான்?

கதையை நீங்களே சொல்லுங்கள், தாள் கொடுக்காமல். புதுமணப்பெண் யூரிடிசியைப் பாம்பு கடிக்கிறது. பாடகன் ஆர்ஃபியூஸ் பாதாளம் வரை போய்ப் பாடுகிறான். பாதாளம் மனம் இரங்குகிறது. ஒரே ஒரு நிபந்தனை: வெளிச்சத்துக்கு வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசல் தெரிகிறது. அவன் திரும்புகிறான். அங்கேயே நிறுத்தி, 'ஏன் திரும்பினான்?' என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். சேகரித்துப் பெயர் சொல்லாமல் வாசியுங்கள். 'அவ நடக்கிற சத்தமே கேட்கலை, அதான்' என்று ஒருவர் எழுதியிருந்ததை நான் மறக்கவே மாட்டேன்.

அடுத்த பீரியடில் இரண்டு ஜெராக்ஸ் கொடுங்கள். ஒன்று, ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் 'ஜியார்ஜிக்ஸ்', நான்காம் பாகம், கி.மு. 29. இன்னொன்று ஓவிட், பத்தாம் பாகம். ஆளுக்கு முப்பது வரிக்கு மேல் வேண்டாம்.

வர்ஜிலின் நூல் விவசாயம் பற்றியது. நான்காம் பாகம் தேனீ வளர்ப்பு. தேனீக் கதைக்குள் ஆர்ஃபியூஸ் எப்படி வந்தான்? அரிஸ்டேயஸ் என்பவனுடைய தேனீக்கள் செத்துப்போகின்றன. காரணம், அவன் யூரிடிசியைத் துரத்தினான். அவனிடமிருந்து தப்பி ஆற்றங்கரையில் ஓடியவள் புல்லில் கிடந்த பாம்பைப் பார்க்கவில்லை. ஓவிடிடம் அந்தத் துரத்தலே கிடையாது. தோழிகளோடு புல்லில் நடந்துகொண்டிருந்தாள், பாம்பு கடித்தது, அவ்வளவுதான். ஒரு ஆளை எடுத்துவிட்டால் மரணம் விபத்தாகிவிடுகிறது. இதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள்.

அவன் திரும்பியதற்கும் இருவரும் வேறு காரணம் தருகிறார்கள். வர்ஜில் அதைத் திடீர்ப் பித்து என்கிறார். அவள் சோர்ந்துவிடுவாளோ என்ற பயமும், பார்க்கும் ஆசையும் என்கிறார் ஓவிட். அடுத்து யூரிடிசி. வர்ஜிலில் அவள் பேசுகிறாள்: என்னையும் உன்னையும் அழித்த இந்தப் பித்து என்ன, ஆர்ஃபியூஸ்? ஓவிடில் அவள் குறை சொல்வதே இல்லை. நேசிக்கப்பட்டேன் என்பதைத் தவிர அவள் எதைக் குறை சொல்ல முடியும் என்று கவிஞர் கேட்கிறார். அவள் சொன்ன கடைசி விடை அவன் காதில் சரியாக விழவுமில்லை.

எது நன்றாக இருக்கிறது என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். சிலருக்கு ஓவிடின் வரி மிக அழகு. வேறு சிலருக்குக் கோபம் வரும்: அவள் சார்பில் அவர் ஏன் பேசுகிறார்? இரண்டு பக்கத்தையும் அப்படியே விட்டுவிடுங்கள். தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. மூன்றாவது கருத்து ஒன்றையும் போடலாம். பிளேட்டோவின் 'சிம்போசியம்' உரையாடலில் ஃபீட்ரஸ் என்பவர் ஆர்ஃபியூஸைக் கடுமையாகச் சாடுகிறார். காதலுக்காகச் சாகத் துணியாமல் உயிரோடு உள்ளே நுழைய வழி தேடியவன், அதனால்தான் தெய்வங்கள் அவனுக்கு வெறும் நிழலுருவைக் காட்டி அனுப்பின என்கிறார். கணவனுக்குப் பதிலாகத் தான் செத்த அல்செஸ்டிஸைத்தான் அவர் மெச்சுகிறார்.

யாராவது சாவித்திரியைக் கொண்டுவருவார்கள். நல்ல பேச்சு அது, தடுக்காதீர்கள். சாவித்திரி எமனோடு பேசியே ஜெயிக்கிறாள், ஆர்ஃபியூஸ் பாடி ஜெயித்தும் தோற்கிறான். ஆனால் 'நம் கதைதான் உயர்ந்தது' என்ற இடத்துக்குப் பேச்சு போனால் மெதுவாக வரிக்குத் திரும்புங்கள்.

நேப்பிள்ஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இந்தக் காட்சியின் பளிங்குப் புடைப்புச் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஹெர்மீஸ், யூரிடிசி, ஆர்ஃபியூஸ் மூவர். படத்தைக் காட்டி, யாருடைய கை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஹெர்மீஸ் அவளுடைய கையை ஏற்கெனவே பிடித்துவிட்டார் என்று யாராவது சொன்ன பிறகு வகுப்பில் சத்தமே இருக்காது.

வீட்டுப்பாடம்: அந்தப் பாதையில் பின்னால் நடந்து வந்த யூரிடிசியின் மனதில் ஓடியதை ஒரு பக்கம் எழுதுக.

படி 6: நான்கு, ஐந்தாம் பீரியட், டாஃப்னி

இந்த வழிகாட்டியின் நடுநாயகம் இதுதான். இரண்டு பீரியடையும் முழுசாகக் கொடுங்கள்.

ஓவிடின் முதல் பாகத்தில் வருகிறது கதை. கடவுள் அப்போலோவின் பெருமையடிப்பைக் கேட்டுக் கோபப்பட்ட காதல் தெய்வம் கியூபிட், ஆசையைத் தூண்டும் தங்க அம்பை அவன்மேலும், விரட்டும் ஈய அம்பை டாஃப்னிமேலும் விடுகிறான். ஆனால் அம்புக்கு முன்பே அவளுக்கு ஒரு தீர்மானம் இருந்ததா என்று வரியில் தேடச் சொல்லுங்கள். காட்டில் வேட்டையாடித் திரியவும், கல்யாணம் இல்லாமல் இருக்கவும் அவள் தந்தையிடம் கேட்கிறாள். தந்தை பெனியஸ், தெசலி நாட்டு ஆற்றுத் தெய்வம். 'மகளே, எனக்கு ஒரு மருமகன் தர வேண்டியவள் நீ. பேரப்பிள்ளைகள் தர வேண்டியவள் நீ' என்று அவர் சொல்லும் வரியை வாசித்தால் பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு எழும். அவரவர் வீட்டில் கேட்ட குரல்!

பிறகு ஓட்டம். அப்போலோ ஓடிக்கொண்டே பேசுகிறான். அந்தப் பேச்சை ஒரு மாணவர் சத்தமாக வாசிக்கட்டும், நடிப்பு இல்லாமல். நில், நான் எதிரி இல்லை. முள் குத்திவிடப் போகிறது, கொஞ்சம் மெதுவாக ஓடு, நானும் மெதுவாகத் துரத்துகிறேன். நான் ஆடு மேய்ப்பவன் இல்லை. யாரிடமிருந்து ஓடுகிறாய் என்று உனக்குத் தெரியவில்லை, அதனால்தான் ஓடுகிறாய். டெல்ஃபி என்னுடையது. ஜூபிடர் என் தந்தை. மருத்துவம் நான் கண்டுபிடித்தது.

இப்போது இரண்டு நிறப் பேனாவைக் கொடுங்கள். அவன் தன்னைப் பற்றிச் சொல்வது நீலம், அவளைப் பற்றிக் கேட்பது சிவப்பு. தாள் முழுக்க நீலமாகிவிடும். சிவப்பில் அடிக்கோடிட ஒரு கேள்விகூட இருக்காது. அவள் பெயர் என்ன, அவளுக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, பேச்சு முடியும் முன்பே அவள் ஓடிவிடுகிறாள்.

தமிழ் வகுப்பில் அகத்திணை படித்தவர்களுக்கு இதற்கான சொல் ஏற்கெனவே கையில் இருக்கிறது. தொல்காப்பியம் கைக்கிளைக்கு, அதாவது ஒருதலைக் காதலுக்குச் சொல்லும் குறிப்புகளில் ஒன்று 'சொல்எதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்'. மறுமொழி கிடைக்காமலே பேசிப் பேசித் தானே மகிழ்தல். பொருந்தாக் காதலான பெருந்திணையில் வரும் நான்கில் ஒன்று 'மிக்க காமத்து மிடல்'. மிடல் என்றால் வலிமை, பலவந்தம். ஓடிக்கொண்டே பேசும் அப்போலோ எங்கே கைக்கிளையிலிருந்து மிடலுக்கு மாறுகிறான், எந்த வரியில்? இந்த ஒரு கேள்விக்கே ஐந்தாம் பீரியடில் பாதி போய்விடும். வேட்டைநாய் முயலைத் துரத்தும் உவமை வரும் இடம் என்று பலர் காட்டுவார்கள். முதல் வரியிலேயே என்று சிலர் அடித்துச் சொல்வார்கள்.

முடிவில் தளர்ந்துபோய்த் தந்தையின் ஆற்றிடம் கெஞ்சுகிறாள். தோல் பட்டையாகிறது, கூந்தல் இலையாகிறது, கை கிளையாகிறது. அப்போதும் அவன் மரத்தைத் தழுவுகிறான். பட்டைக்கு அடியில் இதயம் இன்னும் துடிக்கிறது. அவன் முத்தமிட, மரமும் விலகுகிறது என்று எழுதுகிறார் ஓவிட். என் மனைவியாக முடியாது என்பதால் என் மரமாக இருப்பாய் என்கிறான் அப்போலோ. கடைசி வரியில் மரம் தன் உச்சியைத் தலையைப் போல அசைத்தது போலத் 'தோன்றியது'.

யாருக்குத் தோன்றியது? பலகையில் எழுதிவிடுங்கள் இதை. காற்றில் அசைந்த மரத்தை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டானா? பாசிஸ் பக்கத்தைப் புரட்டச் சொல்ல வேண்டிய நேரம் இதுதான். இரண்டு கதையிலும் முடிவில் மரமாகிறார்கள். ஒன்றில் பேசி முடிவெடுத்து, விடைசொல்லிக்கொண்டே. இன்னொன்றில் வாயே இல்லாமல்.

ரோமில் போர்கேசே கலைக்கூடத்தில் பெர்னினி 1622-க்கும் 1625-க்கும் இடையில் செதுக்கிய பளிங்குச் சிலையின் படத்தை இதற்குப் பிறகு காட்டுங்கள், முன்பு அல்ல. முதலில் காட்டினால் அதன் அழகிலேயே கதை கரைந்துவிடும். வரிகளைப் படித்த பிறகு காட்டினால் அவள் வாய் திறந்திருப்பதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒரு சின்ன விஷயம். டாஃப்னி என்பது கிரேக்கத்தில் லாரல் மரத்தின் பெயரேதான். அந்த இலையை வகுப்புக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், மளிகைக் கடைப் பிரிஞ்சி இலையை அப்படியே எடுத்துப் போகாதீர்கள். நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது லவங்கப்பட்டை இனத்து இலை. நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும். லாரலுக்கு நடுநரம்பு ஒன்றுதான். இரண்டும் ஒரே தாவரக் குடும்பம் என்பதால் ஒப்பிட்டுக் காட்டவும் செய்யலாம்.

இந்தப் பாடத்தில் பையன்கள் சிலர் இறுக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். தங்களைக் குற்றம் சொல்வதாக நினைப்பார்கள். அப்படி அல்ல என்று அவர்களிடம் நேராகச் சொல்லுங்கள். ஒருவரை விரும்புவதில் தவறே இல்லை, பதிலைக் கேட்க நிற்பதுதான் இங்கே பேச்சு என்று சொல்லுங்கள். அதை அவர்களுக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். விடாமல் துரத்தினால் மனம் மாறும் என்றுதான் அவர்கள் பார்த்து வளர்ந்த எத்தனையோ படங்கள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

படி 7: ஆறாம் பீரியட், எக்கோவோடு விளையாட்டு

கனமான இரண்டு நாளுக்குப் பிறகு மூச்சு விடுவதற்கு இந்தக் கதை. ஜூபிடரின் மனைவி ஜூனோவின் சாபத்தால் எக்கோவால் தானாகப் பேச முடியாது, கேட்டதன் கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்ல முடியும். பதினாறு வயது நார்சிசஸை அவள் விரும்புகிறாள். இதய ஸ்கேனுக்கு நாம் 'எக்கோ எடுத்தாச்சா' என்று கேட்கும் அந்தச் சொல்லே இவள் பெயர்தான் என்று சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இருவர் இருவராகப் பிரித்து, நார்சிசஸ் பேச எக்கோ கடைசிச் சொற்களை மட்டும் திருப்பிச் சொல்லும் உரையாடலைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். எக்கோவின் வாயில் அர்த்தம் மாற வேண்டும், அதுதான் விதி. ஓவிட் லத்தீனில் செய்த வித்தை அது. தமிழில் இது கொஞ்சம் கடினம். நம் மொழியில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். 'உன்னிடம் வரமாட்டேன்' என்றால் அவளும் 'வரமாட்டேன்' என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் திணறிவிட்டு ஒரு ஜோடி வழி கண்டுபிடிக்கும். நார்சிசஸ்: "நான் செத்த பிறகு நீ என்னைத் தொடலாம்!" எக்கோ: "நீ என்னைத் தொடலாம்." வகுப்பே கைதட்டும். தங்கள் மொழியின் இலக்கணத்தை அன்று அவர்கள் தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

நார்சிசஸ் மறுத்தது தவறா என்று கேளுங்கள். டாஃப்னியின் மறுப்புக்காகப் பரிந்து பேசியவர்கள் இவனுடைய மறுப்பை ஆணவம் என்பார்கள். மறுக்கும் உரிமை இருவருக்கும் ஒன்றுதானா, மறுத்த விதத்தில் வித்தியாசம் உண்டா என்று அங்கிருந்து பேச்சு போகும்.

படி 8: ஏழாம் பீரியட், சுவரில் ஒரு விரிசல்

பீரமஸ்–திஸ்பி நடப்பது பாபிலோனில். பக்கத்து வீடுகள், பெற்றோர் தடை, நடுச்சுவரில் விரிசல், சிங்கம், தவறான புரிதல், இரண்டு மரணம், வெள்ளையாக இருந்த மல்பெரிப் பழம் கறுத்தது. ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்துக்குள் நாடகமாக இதை வைத்துச் சிரிக்கவைத்தார், ஆங்கிலப் பாடத்தோடு அங்கே இணைக்கலாம்.

இதை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். இரண்டு தற்கொலையை அழகாக வர்ணிப்பதற்குப் பதினாறு வயதுப் பிள்ளைகள் முன் எனக்கு மனம் வருவதில்லை. நேரத்தைச் சுவருக்குச் செலவிடுங்கள். பெற்றோர் ஏன் தடுத்தார்கள்? ஓவிட் காரணமே சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பச் சொன்னால் நம் வகுப்பில் சாதி என்ற சொல் கட்டாயம் வரும். வரட்டும். வந்ததும் பேச்சை மாற்றாதீர்கள், யாரையும் பார்த்துப் பேசாமல் மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அன்று சொல்லிவையுங்கள்.

படி 9: மதிப்பெண்

'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்ற கேள்வியைத் தயவுசெய்து கேட்காதீர்கள். அதுவரை செய்த எல்லாவற்றையும் அது அழித்துவிடும். படிக்காத ஒரு கதையின் இரண்டு சிறு வடிவங்களைக் கொடுத்து, எதில் யார் பேசுகிறார், எதை ஒருவர் விட்டுவிட்டார் என்று வரியைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். பத்து மதிப்பெண்ணில், வரியைச் சரியாகக் காட்டியதற்கு ஆறு மதிப்பெண், அதிலிருந்து எடுத்த முடிவுக்கு நான்கு. உங்கள் கருத்தோடு ஒத்துப்போகாத பதிலுக்கும் முழு மதிப்பெண் விழ வேண்டும். யூரிடிசியின் ஒரு பக்கத்துக்கு மதிப்பெண்ணே போடாதீர்கள், படித்துவிட்டு ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்.

படி 10: எட்டாம் பீரியட், நகர்த்த முடியாத கட்டில்

கடைசி நாளுக்கு ஹோமரின் 'ஒடிசி', 23-ஆம் பாகம். இருபது வருடம் கழித்து ஒடிசியஸ் வீட்டுக்கு வந்திருக்கிறான். பத்து வருடம் போர், பத்து வருடம் பயணம். தன்னை மணக்கக் கேட்டு வீடு முழுக்கக் கூடியிருந்த மாப்பிள்ளைக் கூட்டத்தை மூன்று வருடம் சமாளித்தவள் அவன் மனைவி பெனலோப்பி, நெய்து முடித்ததும் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு, பகலில் நெய்த துணியை இரவில் பிரித்துப் பிரித்து. இப்போது எதிரே நிற்பவன் நிஜமாகவே கணவனா? ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதில்லை அவள். கட்டிலை எடுத்து வெளியே போடு என்று பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். அவனுக்குக் கோபம் வருகிறது: என் கட்டிலை யார் நகர்த்தினார்கள்? வேர் விட்டு நின்ற ஆலிவ் மரத்தையே காலாக வைத்து நான் செய்த கட்டில் அது. அந்த ரகசியம் இவர்களுக்கும் ஒரே ஒரு பணிப்பெண்ணுக்கும் மட்டும்தான் தெரியும். அதைக் கேட்ட பிறகுதான் அவள் அழுதுகொண்டே ஓடுகிறாள்.

அடுத்து வரும் உவமையை மெதுவாக வாசியுங்கள். கப்பல் உடைந்து நீந்தி வந்தவர்களுக்குக் கரை தெரிவது எப்படியோ அப்படி. கடலில் தத்தளித்தவன் அவன்தானே என்று நினைத்துக்கொண்டே கேட்போம். வாக்கியம் முடியும்போதுதான் தெரியும், ஹோமர் சொல்வது அவளை. வீட்டுக்குள்ளேயே இருபது வருடம் நீந்தியவள் அவள்.

முன்கூட்டியே 22-ஆம் பாகத்தைப் படித்துவிட்டு வந்த பிள்ளை ஒன்று, தூக்கிலிடப்பட்ட பன்னிரண்டு பணிப்பெண்களைப் பற்றிக் கேட்கலாம். மழுப்ப வேண்டாம். ஆம், அதே வீட்டில் அதே நாளில்தான் அது நடந்தது. அவர்கள் பக்கத்துக் கதையை ஹோமர் சொல்லவில்லை. 'யாருடைய பதிலை யாரும் கேட்கவில்லை?' என்ற கேள்வியை அந்தப் பிள்ளை இப்போது தானாகவே கேட்டிருக்கிறது.

அன்றைய இரவு விடிந்துவிடாதபடி தெய்வம் அதீனா விடியலைப் பிடித்து நிறுத்துகிறாள். எதற்கு? கூடி மகிழ்ந்த பின் இருவரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டில் தான் பட்டதை அவள் முதலில் சொல்கிறாள், தன் பயணத்தை அவன் பிறகு சொல்கிறான். அவன் சொல்லி முடிக்கும்வரை அவளுக்குத் தூக்கமே வரவில்லை. பெல் அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, ஆர்ஃபியூஸும் யூரிடிசியும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டிருந்தால் அன்றிரவு யார் முதலில் பேசியிருப்பார், என்ன சொல்லியிருப்பார் என்று கேளுங்கள். கை தூக்கும் வரிசையில் எல்லோரையும் பேசவிடுங்கள்.